கொம்பை மட்டும் எடுத்துவிட்டால்

"கொம்பை வெட்டு, பல்லைப் புடுங்கு. அவங்க வர்றதுக்குள்ள இன்னாவோ செஞ்சு முடிடா" என்று வடிவு கையைப் பிசைந்தாள்.

"கொம்பை எடுத்தா இன்னும் மோசம்மா" என்றான் மகன் பரத். "அப்படியே அவராயிடும்."

வெட்டுவதற்கு அங்கே ஆடும் இல்லை, மாடும் இல்லை. லேப்டாப் திரையில் ஓர் அரக்கன் தலை பல்லைக் காட்டி முறைத்துக்கொண்டிருந்தது. அந்த முகம், இன்னும் சற்று நேரத்தில் வேப்பம்பட்டுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க வரப்போகும் கொரட்டூர் கங்காதரனின் முகம்.

ஆறு மாதத்துக்கு முந்தைய வினை இது. கங்காதரனின் மகள் சுவேதாவும் பரத்தும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். பெண் கேட்டுத் தனியாகப் போய் நின்றவனை, "இன்னொரு தபா ஊட்டாண்ட வந்தே, காலை ஒடிச்சிருவேன்" என்று அவர் வழியனுப்பி வைத்தார்.

காலோடு திரும்பிவிட்டாலும் பரத்துக்குக் கோபம் ஆறவில்லை. களிமண்ணைப் பிசைவது போலக் கம்ப்யூட்டரில் உருவம் செய்யும் சாஃப்ட்வேர் ஒன்றை அப்போதுதான் தானாகவே கற்க ஆரம்பித்திருந்தான். முதலில் யாரைச் செய்வது என்று யோசிக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

மவுஸ் சக்கரத்தை அழுத்திப் பிடித்து நகர்த்தினால்தான் தலை திரும்பும் என்பதைக் கண்டுபிடிக்கவே அவனுக்கு ஒரு வாரம் ஆயிற்று. பிறகு, கற்பவர்களுக்கான தமிழ்க் குழு ஒன்றில் சேர்ந்து, யார் முகம் என்று சொல்லாமல் படத்தைப் போட்டான். எல்லாரும் கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போய்விட, 'செம்பருத்தி' என்ற பெயரில் இருந்த ஒருவர் மட்டும் அவனை விடவில்லை.

மூக்கு இன்னும் விடைக்கட்டும், கோபத்தில் இடது புருவம் மட்டும் ஏறட்டும், கன்னத்துத் தோல் சொரசொரவென்று இருக்கட்டும் என்று வாராவாரம் உயிரை எடுத்தார். சொன்னபடி செய்யச் செய்ய, கங்காதரன் அச்சு அசலாக வந்து உட்கார்ந்துவிட்டார். கடைசியாகக் காதில் முடி வைக்கச் சொன்னார் செம்பருத்தி. முடி வைத்தால் லேப்டாப் திணறி நின்றுபோனதால், பரத் அதை மட்டும் விட்டுவிட்டான்.

இப்போது என்ன மாயமோ, கங்காதரன் மனமிறங்கி வருகிறார். வருகிறவர், பையன் லேப்டாப்பில் ஏதோ சிலை செய்கிறானாமே, அதையும் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். சுவேதா பெருமை பீற்றிக்கொண்டதன் பலன். காட்டுவதற்கு பரத்திடம் இருந்ததோ இந்த ஒரே தலை. மனுஷன் இதைப் பார்த்துக் கோபித்துக்கொண்டு எழுந்தால் கல்யாணம் அத்தோடு சரி.

கங்காதரன் வந்தார். கூடவே அவர் மனைவி சொர்ணம். அம்மா வாயே திறக்க மாட்டாள், என் பழைய லேப்டாப்பில் மத்தியானமெல்லாம் சீரியல்தான் என்று சுவேதா சொல்லியிருந்தாள்.

கேசரி, பஜ்ஜி எல்லாம் உள்ளே போனதும் சிலைப் பேச்சு வந்தது. வடிவு லேப்டாப்பையே சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தாள். எடுபடவில்லை.

கங்காதரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். மூக்கு விடைத்தது. இடது புருவம் ஏறியது. திரையில் இருந்ததும் அதே மாதிரி அவரை முறைத்தது. பரத் இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

"பின்னாடி எப்படி கீது?" என்றார்.

பரத் அவசரமாகக் கையை நீட்டியதில் மவுஸ் தட்டுப்பட்டுக் கீழே விழுந்தது. பக்கத்தில் இருந்த சொர்ணம் அதை எடுத்து, சக்கரத்தை அழுத்தித் தலையைத் திருப்பிக் காட்டினாள். பிடரி வந்தது, பிறகு மறுபடி முகம் வந்தது. கங்காதரன் வெகுநேரம் பார்த்தார். வடிவு உள்ளுக்குள் குலதெய்வத்துக்கு மொட்டை வேண்டிக்கொண்டாள், மகனுடைய தலையை நம்பி.

கங்காதரன் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"அப்படியே எங்க பெரியண்ணன் மாதிரியே கீதுப்பா. பாகம் பிரிக்க சொல்லோ இப்டித்தான் மொறைச்சான்."

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். முகமும் அப்படித்தான் போலிருக்கிறது. அண்ணனுக்குக் கொம்பு முளைத்த சந்தோஷத்தில், அடுத்த முகூர்த்தத்திலேயே நிச்சயத்தை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு எழுந்தார் கங்காதரன்.

அவர் தெருவில் இறங்கி ஆட்டோவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது, செருப்பு மாட்டும் சாக்கில் சொர்ணம் வாசலில் பின்தங்கினாள். பரத்தின் பக்கம் திரும்பி, முதல் முறையாக வாயைத் திறந்தாள்.

"காதுல முடி வெக்கச் சொன்னேனே மாப்ள, ஏன் வெக்கல?"