பாலையடி வளைவு

“அந்தாள் பாலையடி வளைவில நிண்டு சீலையை ஆட்டினா, அதுக்குப் பிறகு ஒருத்தரும் இஞ்சால வரமாட்டினம் டொக்டர். செத்த பெண்சாதியின்ர சீலை அது. அவாவும் அந்தாளுக்குப் பின்னால நிக்கிறா எண்டு சனம் கதைக்குது.”

நோயாளர் இருக்கவென்று கூடத்தில் போட்டிருந்த நீள வாங்கைத் துடைத்துக்கொண்டே பிரேமிளா சொன்னாள். கதவு திறப்பது, கூட்டுவது, நம்பர் துண்டு கொடுப்பது எல்லாம் அந்த ஆஸ்பத்திரியில் அவள் ஒருத்திதான்.

துணுக்காயிலிருந்து காட்டுப்பாதையில் உள்ளே தள்ளிக் கிடந்த சின்ன ஆஸ்பத்திரி அது. தாதி இல்லை, அம்புலன்ஸ் இல்லை, பிரசவ அறைக்குள் கால் உடைந்த கட்டில்கள் அடுக்கிக் கிடந்தன. டொக்டர் யதுர்ஷிகாவும் அதற்குப் பாதி ஆள்தான். குளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த இன்னொரு ஆஸ்பத்திரியையும் அவளே பார்க்க வேண்டும். எந்த நாளில் எங்கே என்பது, மேலிடத்திலிருந்து போன் வந்த பிறகுதான் அவளுக்கே தெரியும்.

“நேற்றும் மறிச்சவரோ? நான் குளத்துக்கு அங்கால எல்லோ நிண்டனான்.”

“ஓம். ஒரு பிள்ளைத்தாச்சியை ஓட்டோவோட திருப்பி அனுப்பிப்போட்டார். நான் கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு பாத்தபடி இருக்கிறன், ஒரு சனம் வரேல்ல. அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்துதோ, ஆருக்குத் தெரியும்?”

“ஏன் பிரேமிளா, அந்தாள் ஏன் இப்பிடிச் செய்யுது?”

பிரேமிளா துணியைப் பிழிந்தாள். “அந்த ராசுவின்ர மனிசி அழகம்மாவைப் புடையன் பாம்பு கடிச்சு, இஞ்சதான் தூக்கிக்கொண்டு வந்தவர். அண்டைக்கு இருந்த டொக்டர் வேற இடத்தில. இப்ப வருவார், இப்ப வருவார் எண்டு இந்த வாங்கிலதான் கிடத்தி வைச்சிருந்தவர். அவா அப்பிடியே போயிட்டா. அதோட அந்தாளுக்குத் தலை கலங்கிப்போச்சு. இந்த ஆஸ்பத்திரி பாழடைய வேணும் எண்டுதான் நிக்குது.”

எவ்வளவு கூட்டம் வந்தாலும் அந்த வாங்கில் ஒருவரும் இருப்பதில்லை. சுவரோடு சாய்ந்து நிற்பார்கள், இல்லையென்றால் நிலத்தில் குந்துவார்கள். மருந்து எழுதிவிட்டு யதுர்ஷிகா நிமிரும்போதெல்லாம் அதுதான் நேரே தெரியும். யாரோ இன்னும் தன் முறைக்காகக் காத்துக் கிடப்பதுபோல அவளுக்கு இருக்கும்.

அந்த மனிதரை அவளும் கண்டிருக்கிறாள். காலையில் அவளுடைய ஸ்கூட்டியின் சத்தம் கேட்டதும் பாலை மரத்தடியிலிருந்து வெளியே வருவார். அவளுடைய முகத்தையே உற்றுப் பார்ப்பார். பிறகு மஞ்சள் சீலையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு பற்றைக்குள் இறங்கி மறைந்துவிடுவார். அன்று முழுவதும் அந்தப் பார்வை அவளுடைய முதுகில் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

“இனிப் பொலிசிலதான் சொல்ல வேணும்” என்றாள் யதுர்ஷிகா.

மறுநாள் வரும் வழியில் ஸ்கூட்டி நின்றுவிட்டது. அதைத் திருத்தக் கொடுத்துவிட்டு, கடையடியில் நின்ற சுமனின் ஓட்டோவைப் பிடித்து ஏறுவதற்குள் வெயில் ஏறிவிட்டது. பாலையடி வளைவுக்கு வந்ததும் சுமன் சட்டென்று பிரேக்கை மிதித்தான்.

“டொக்டர், அங்க பாருங்கோ.”

நடு றோட்டில், புழுதிக்குள், அந்த மஞ்சள் சீலை பறந்துகொண்டிருந்தது. எதிரே பெட்டி பூட்டிய ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் இரைந்தபடி நின்றது. பெட்டிக்குள் ஒரு பெண் இருந்தாள், அவளுடைய மடியில் ஒரு சிறுமி. முட்டு இழுத்து, ஒவ்வொரு மூச்சுக்கும் பிள்ளையின் நெஞ்சுக்குழி உள்ளே போய்வந்தது.

“வழி விடுங்கோ அண்ணை! பிள்ளைக்கு மூச்சு எடுக்க ஏலாமக் கிடக்கு!” தகப்பன் கத்தினான்.

“அங்க போவாதீங்க தம்பி. ஒங்க கால்ல விழுறேன். நேரா பெரியாஸ்பத்திரிக்கு விடுங்க.” ராசு மெசினுக்கு முன்னால் குந்திவிட்டார். மலையகத்தில் பிறந்து வந்தவர், வன்னியில் எத்தனையோ போகம் விதைத்து அறுத்தும் அந்தப் பேச்சு அவரை விட்டுப் போகவில்லை.

“அவ்வளவு தூரம் பிள்ளை தாங்காது!” தாய் வாய்விட்டு அழுதாள்.

யதுர்ஷிகா ஓட்டோவிலிருந்து குதித்தாள். இத்தனை நாள் இருந்த பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை. பெட்டிக்குள் கையை விட்டுப் பிள்ளையின் நாடியைப் பிடித்தபடி ராசுவைப் பார்த்துக் கத்தினாள்.

“எழும்புங்கோ ஐயா! இந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்தா நீங்கள்தான் பொறுப்பு. உங்கட மனிசி போனதுக்கு ஊரையே சாக விடப்போறீங்களே?”

ராசு நிமிர்ந்தார். ஓட்டோவைப் பார்த்தார். ஸ்கூட்டியைத் தேடுவதுபோலப் பாதையின் நீளத்துக்கும் பார்த்தார். மறுபடி, காலையில் பார்ப்பதுபோலவே, அவளுடைய முகத்தை உற்றுப் பார்த்தார்.

அவசரமாக எழுந்து, சீலையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, லாண்ட்மாஸ்டருக்கு வழிவிட்டு ஓரமாக ஒதுங்கினார்.

“உள்ள போங்க தம்பி, ஓடுங்க. இன்னிக்கு டொக்டரம்மா வந்துட்டாங்க.”