கம்பத்தில் சிவப்புத் துணி

கிராமத்தில் மூடப்பட்ட ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையைக் கழற்றப் பொன்மலை ரயில்வே பணிமனையிலிருந்து ஆட்களோடு வந்தார் நஸ்ருல்லா. பலகைக் கம்பத்தில் புதுச் சிவப்புத் துணி கட்டியிருந்தது. ஆட்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். கிழவர் அடைக்கலம் குறுக்கே வந்து நின்றார்.

“என்ன சாமிங்க பெரியவரே? பூசை போட்டுட்டே எடுத்துக்கிறோம்.”

“சாமியுமில்ல, பூதமுமில்ல. கையை வச்சே, ஒடிச்சிடுவேன். உங்க யாரையும் நம்புறதுக்கில்ல.”

“அப்போ துணி எதுக்கு?”

“என் மவனுக்கு. ஆளு வளந்தான், புத்தி வளரலை. படிக்கத் தெரியாது. ஸ்ரீரங்கத்துல அவன் அக்கா வண்டி ஏத்திவிடுவா. செவப்புத் துணி தெரியிற ஸ்டேஷன்ல வண்டி நின்னா இறங்கு, யாரு கூப்பிட்டாலும் வேற எங்கேயும் இறங்காதேன்னு பழக்கிவச்சேன். சொன்ன சொல்லு தட்ட மாட்டான்.”

நஸ்ருல்லா சிரித்துவிட்டார். “ஸ்டேஷனை மூடி ஆறு வருஷமாச்சே. இங்கதான் வண்டியே நிக்கிறதில்லையே!”

“தெரியும்.” அடைக்கலம் துணியின் முடிச்சை இறுக்கினார். “மூடுன அன்னிக்குச் சேதி தெரியாம அக்கா ஏத்திவிட்டுட்டா. துணியைப் பார்த்துட்டுக் கையை ஆட்டிக்கிட்டே போனான். வண்டி நிக்கலை. இன்னும் எங்கேயோ இறங்காமப் போயிக்கிட்டிருக்கான்.”