பினாங்குச் சேலை

"மலாயா நைலெக்ஸ் சேலை. ஒருத்தி உடுத்துனதுன்னு சொன்னாத்தான் தெரியும்" என்றார் செக்காலைப் பழந்துணிக் கடைக்காரர். உமையாள் பாதி விலைக்குப் பேசி வாங்கினாள். வழியெல்லாம் தடவிக்கொண்டே வந்தாள், பூவாட்டம் இருந்தது.

வாசலிலேயே பக்கத்து வீட்டு அன்னக்கிளி பிடித்துக்கொண்டாள்.

"புதுச் சேலையாக்கா?"

"ஆமாடி. அவுக பினாங்குல இருந்து அனுப்புனாக."

கணவனிடமிருந்து கடிதம் வந்தே வருடங்கள் ஆகிவிட்டன. அன்னக்கிளியின் கணவனும் பினாங்கில்தான். அவன் மறக்காதவன் என்பதுதான் உமையாளுக்கு வலி.

"உங்க மேல எம்புட்டுப் பிரியம்க்கா!" அன்னக்கிளி சேலையை விரித்துப் பார்த்தாள்.

"உனக்கு ஒண்ணும் வரலையா?"

"எனக்கும் இதே மாதிரி ஒண்ணு அனுப்பியிருந்தாக" என்ற அன்னக்கிளி, அதைச் செக்காலைக் கடையில் விற்பதற்கு முன் கிழிசலில் தானே போட்ட பச்சை நூல் தையல் உமையாள் கண்ணில் படாதபடி சேலையை மடித்துக் கொடுத்தாள்.