குடும்பத்து வேர்வை

சோரன் கத்தினான்.

சும்மாச் சிணுங்கல் இல்லை. முகம் சிவந்து, முஷ்டி இறுகி, ஆஸ்பத்திரி அறையே அதிரும் கத்தல். அப்பன் காரெட் பதறிப்போய் அழைப்பு மணியை அழுத்தினான். நெஞ்சில் போட்ட தையல் பிரிந்துவிட்டால்?

நர்ஸ் லொரெய்ன் வந்து பார்த்துச் சிரித்தாள். “புள்ளைக்குப் பசி, அப்பா. கத்தட்டும், நல்லாக் கத்தட்டும்.”

காரெட்டால் நம்ப முடியவில்லை. பிறந்ததிலிருந்து அழுதறியாத பிள்ளை. விடியுமுன் காரெட் பனி தள்ளும் லாரியைக் கிளப்பினாலும் பிள்ளை அசைய மாட்டான். சர்ச்சில் காபிக்குக் கூடுகிறவர்கள் தொட்டிலை எட்டிப் பார்த்து, இப்படி ஒரு சாதுவா என்று மெச்சுவார்கள். அவர்கள் ஊரான மினசோட்டாவில் பெருமையடிப்பது அநாகரிகம். ஆனாலும் காரெட்டும் மனைவி பிரிட்டாவும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பெருமையடித்துக்கொண்டார்கள்.

நாலு வாய் குடிப்பான், தூங்கிவிடுவான். டாக்டர் ஒருநாள் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டபோதுதான் இதயத்தில் ஓட்டை இருப்பது தெரிந்தது. இப்போது அறுத்து, அடைத்தாயிற்று. ஒரு புட்டிப் பாலை வாயாலேயே குடித்து முடித்தால் மூக்குக் குழாயை எடுத்துவிடுவார்கள். வீட்டுக்குப் போகலாம்.

கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது. நெஞ்செலும்பு சேரும்வரை அடியில் இரு கையும் கொடுத்து அள்ள வேண்டும். பனி அள்ளிப் பழகிய கை, அது கஷ்டமாக இல்லை.

மடியில் வைத்ததும் காரெட் வழக்கம்போல் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டான். சோரன் பால் குடித்தால் தலை தெப்பலாக நனைந்துவிடும். காரெட் வீட்டில் எல்லோருமே சாப்பிட உட்கார்ந்தால் வேர்த்து வடிகிறவர்கள். எல்லாம் உங்கள் குடும்பத்து வேர்வை என்று பிரிட்டா கேலி செய்வாள். பழைய சட்டையைக் கிழித்து, இதற்கென்றே துணிகள் தைத்து வைத்திருந்தாள்.

சோரன் உறிஞ்சினான். நிறுத்தவேயில்லை. காரெட்டின் கை தன்பாட்டுக்கு நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தது. புட்டி காலியானதும் இன்னும் கொடு என்று கத்தினான் பாருங்கள், லொரெய்ன் வாசலில் நின்று கைதட்டினாள்.

பிரிட்டா காபியோடு வந்தாள். “யார் பெத்த புள்ள இது, இந்தக் கத்துக் கத்துது?”

காரெட் துணியை அவள் கையில் கொடுத்தான்.

ஒரு சொட்டு ஈரம் இல்லை.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பிள்ளையைப் பார்த்தாள். அது குடும்பத்து வேர்வையே இல்லை, ஓட்டை விழுந்த இதயம் பட்ட பாடு. இத்தனை மாதமும் ஒவ்வொரு வாய்ப் பாலுக்கும் ஒரு மலை ஏறியிருக்கிறான். ஏறி முடித்து, இவர்களைப் பார்த்துச் சிரிக்க வேறு செய்திருக்கிறான்.