ஒரு விரல்கடை வேலி

"ஏரம்பண்ணை! வெளியிலை வாங்கோ! உங்கடை வேலிக் கதியால் திரும்பவும் என்ரை வளவுக்குள்ளை வந்திட்டுது!"

காலை ஆறரைக்கே தொடங்கிவிட்டார் இராசநாயகம். பக்கத்து வளவுக்காரர். சண்டைக்கு வந்தாலும் 'அண்ணை'யும் 'வாங்கோ'வும் குறையாத மனிதர். அளவெட்டியில் சேவல் கூவ மறந்தாலும் அவர் மறப்பதில்லை.

அடுப்படியில் தனுசியா பல்லைக் கடித்தாள். அம்மா போய் ஏழு மாதம். செத்த வீடு என்ற இரக்கம்கூட இல்லாமல், மூன்று மாதமாக இதே கூத்து!

உள்ளே அவள் அப்பா ஏரம்பு அவசர அவசரமாகப் பிட்டை விழுங்கிக்கொண்டிருந்தார்.

"ஆறுதலாச் சாப்பிடுங்கோ அப்பா."

"வெறும் வயித்தோடை உவனோடை சண்டை பிடிக்கேலாது பிள்ளை. அந்தப் பிரசர்க் குளிசையையும் எடு. போன கிழமை போடாமல் போய், தலை சுத்தி இருந்திட்டன். உவன் வெண்டிட்டான்!"

குளிசையைப் போட்டார். சால்வையை உதறிக்கொண்டு கிளம்பினார்.

அரை மணி நேரம் நடந்தது வழக்கு. பாட்டன் காலத்துக் காணி உறுதிப் பத்திரம் வரை போனார்கள். கடைசியில் இராசநாயகம் கதியாலைப் பிடுங்கி ஒரு விரல்கடை இந்தப் பக்கம் தள்ளி நட்டுவிட்டுப் போனார். பாவம், அந்தக் கிளுவங் கதியாலுக்குத்தான் வேர்விட நேரமில்லை.

தனுசியாவுக்குப் பொறுக்கவில்லை. பின்னேரம் நேரே அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"உங்களுக்கு மனச்சாட்சி இருக்கோ மாமா? பிரசர்காரனோடை நாள் தவறாமல் சண்டை! எங்கடை கொட்டிலிலை இருந்த பூச்சிமருந்துப் போத்தலையும் நீங்கள் தூக்கிக்கொண்டு போனதைக் கண்டனான். நாளைக்கு ஊர் விதானையாரிட்டை முறைப்பாடு குடுக்கப் போறன்."

இராசநாயகம் வேலிப் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்தார்.

"சத்தம் போடாதை பிள்ளை. போத்தல் என்ரை அலுமாரியிலை பூட்டிக் கிடக்கு. கொம்மா போன பிறகு கொப்பர் என்னட்டை, 'இனி இருந்தென்ன, நானும் போகப்போறன்' எண்டவர்."

தனுசியாவுக்கு அந்த நாட்களில் அப்பா சாப்பாட்டையும் குளிசையையும் தொடாமல் கிடந்தது நினைவுக்கு வந்தது.

"டொக்டரிட்டைப் போய்க் கேட்டன். தனிய விடாதேங்கோ, நெடுக ஆராவது கதைக்கவேணும் எண்டார். ஆறுதல் சொல்லப் போனன், அண்ணை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திட்டார். ஒருநாள் கதியாலிலை கை வைச்சன்." இராசநாயகம் சிரித்தார். "துள்ளி எழும்பினார் பார்! என்ரை காணியையோ எண்டு!"

தனுசியாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தன. கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள்.

தங்கள் வளவுக்குள் கால் வைத்ததும் திகைத்தாள். வேலியோரம் குந்தியிருந்து அப்பா கதியாலைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா செய்யிறியள்?"

"மெல்லக் கதை! உவனுக்குக் கேக்கப்போகுது. ஒரு விரல்கடை அங்காலை தள்ளுறன்."

"உந்த ஒரு விரல்கடைக் காணி எங்களுக்கு ஏனப்பா?"

ஏரம்பு மண்ணை மிதித்து இறுக்கினார்.

"காணிக்கே? உவன்ரை பெண்சாதி பிள்ளையள் எல்லாம் கனடாவிலை. தனிச் சீவன். பாவம், உவனுக்கும் விடிய எழும்ப ஒரு காரணம் வேணுமெல்லே!"