ஸ்பீக்கரில் கேட்ட மன்னிப்பு

“அங்க வேலை தெரிஞ்சவங்க யாராவது இருந்தா லைனைக் குடுங்க!”

டிசைனர் பெண் போட்ட சத்தத்தில் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மறுமுனையில், வெப்சைட்டுகளுக்கு சர்வரில் இடம் கொடுக்கும் ஹோஸ்டிங் கம்பெனியின் உதவிப் பிரிவு ஆள்.

“நான்தான் பார்க்கணும் மேடம், சொல்லுங்க” என்றான்.

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. பல் டாக்டர் ஒருவருக்காகப் பார்த்துப் பார்த்துச் செய்த வெப்சைட், அவள் கம்ப்யூட்டரில் ஜம்மென்று இருந்தது. அந்தக் கம்பெனி சர்வரில் ஏற்றியதும் கலர் போச்சு, கட்டம் போச்சு, வெறும் கறுப்பு எழுத்துதான் மிச்சம். டாக்டரோ அதைப் பார்க்க வந்து வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கிறார்.

“உங்க சர்வர் என் டிசைன் ஃபைலை ‘இது வெறும் டெக்ஸ்ட்’னு சொல்லி அனுப்புது. பிரவுசரும் அதை நம்பி, டிசைனைத் தூக்கி ஓரமா வச்சிடுது. இதுகூடத் தெரியாம என்ன சார் கம்பெனி நடத்தறீங்க?”

“பார்க்கறேன் மேடம்.”

அதற்குள் முதலாளி வந்துவிட்டார்.

“ஸ்பீக்கர்ல போடு, நானும் கேக்கறேன். என்னம்மா இது, பொக்கை வாய் மாதிரி! பல் டாக்டருக்கு இதையா காட்டறது?”

“சார், தப்பு என்மேல இல்ல. இவங்க சர்வர்ல...”

“கதை விடாதே. போன தடவையே சொல்லிட்டேன். தப்பு உன் பக்கம்னு தெரிஞ்சுதுன்னா, இன்னைக்கே பையை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிடு!”

இந்த வேலைக்காக அவள் ஏறி இறங்காத படி இல்லை. பயமெல்லாம் போனில் இருந்தவன்மேல் பாய்ந்தது.

“என்ன சார், தூங்கிட்டீங்களா?”

மறுமுனையில் கீபோர்டு சத்தம்.

“மேடம், தப்பு எங்க சர்வர்லதான். மன்னிக்கணும். சரி பண்ணிட்டேன், திறந்து பாருங்க.”

கலர் வந்தது, கட்டம் வந்தது, முதலாளி முகத்தில் சிரிப்பும் வந்தது. போனை வைத்ததும், “சபாஷ்! இவனுங்களை இப்படி நாலு வாங்கு வாங்கினாதான் வழிக்கு வருவானுங்க” என்று டாக்டரை அழைத்துவரப் போனார்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஆள்மேல் காரசாரமாய் ஒரு புகார் தட்டலாம் என்று உட்கார்ந்தபோது போன் அடித்தது. அவனேதான்.

“ஸ்பீக்கர் ஆஃப்ல இருக்கா மேடம்?”

“இருக்கு. இன்னும் என்ன சொதப்பினீங்க?”

“முன்னாடி மாணவர்களுக்கு ஒரு பாட சைட் செஞ்சீங்களா? பசங்க படிக்கறதுக்காக, டிசைன் ஃபைலை டெக்ஸ்டா காட்டச் சொல்லி அதோட செட்டிங்ஸ் ஃபைல்ல ஒரு வரி எழுதியிருக்கீங்க. அந்த ஃபைலை அப்படியே இங்கயும் ஏத்திட்டீங்க. நீங்க சொன்னதைத்தான் எங்க சர்வர் செஞ்சுது. அந்த வரியை நான் எடுத்துட்டேன்.”

“அப்புறம் ஏன் சார்... உங்க தப்புன்னு சொன்னீங்க?”

“ஸ்பீக்கர்ல போட்டா நான் பேசறது மட்டுமா அங்க கேக்கும்? உங்க முதலாளி பேசினது எனக்கும் கேட்டுச்சே மேடம்!”