வாளி நிரம்பும் சத்தம்

கணவர் மாசிலாமணியின் நாவலுக்கு விமர்சனக் கூட்டம். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த செண்பகவல்லி அதைப் படித்ததில்லை. "உனக்கு இதெல்லாம் சரிப்படாது" என்று அவர்தான் சொல்லியிருந்தார். மேடையில் பேராசிரியர் குரலை உயர்த்தினார். "கதாநாயகி குளியலறைக்குள் போய்த் தாழ் போடுகிறாள். குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் அழுகிறாள். 'ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல' என்று தனக்கே சொல்லிக்கொள்கிறாள். வாளி நிரம்பி வழிகிறது. அந்த வாளிதான் நாவலின் மையக் குறியீடு. அது ஒரு பெண்ணின் அழுகை இல்லை, இந்த மண்ணின் மௌனம்!" அரங்கம் கைதட்டியது. செண்பகவல்லிக்குக் காது அடைத்துக்கொண்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படித்தான் அழுகிறாள். அதே 'ஒண்ணுமில்ல'தான். தண்ணீர்ச் சத்தத்தில் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது என்று நம்பியிருந்தாள்.

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "வெளிய நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருக்காரே சார் அந்தப் புருஷன், ஒரு தடவகூட ஏன் கதவத் தட்டல?"

மாசிலாமணி பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு சிரித்தார். "தட்டியிருந்தா குறியீடு உடைஞ்சு போயிருக்கும்மா."

அதற்கும் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் செண்பகவல்லி குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டாள். கை வழக்கம்போலக் குழாய்க்குப் போனது. திறக்காமல் அப்படியே நின்றாள். அவருடைய காலடி மெதுவாகக் கதவு வரைக்கும் வந்து நிற்பது, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவளுக்குக் கேட்டது.